வெள்ளெழுத்தும் நம் வியாபாரமும்

நாற்பது வயதைத் தாண்டிய கடைக்காரர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பில்லைப் படிக்கும்போது கையை எட்ட நீட்டிப் பிடிப்பார்கள். பாக்கெட்டில் அச்சிட்ட தேதியைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் தேடி வாசலுக்கு வருவார்கள். கேட்டால் "லைட்டு சரியில்லை" என்பார்கள். அப்படியும் முடியாவிட்டால், "தம்பி, இதுல என்ன போட்டிருக்கான் பாரு" என்று பக்கத்தில் நிற்கும் பையனிடம் நீட்டுவார்கள்.

இதன் பெயர் வெள்ளெழுத்து. நம் பெரியவர்கள் சாளேசுவரம் என்பார்கள். கண்ணுக்குள் உள்ள லென்ஸ் வயது ஏற ஏற இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் அளவுக்கு வளைந்து கொடுப்பதில்லை. முதலாளிக்கும் வரும், மூட்டை தூக்குபவருக்கும் வரும். கண்ணாடிதான் எல்லோருக்கும் வந்து சேருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை இருக்கிறது. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறை தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. அந்த 100 கோடியில் 82.6 கோடிப் பேர் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாதவர்கள்! கண்புரைக்கு முகாம் நடத்துகிறோம், நன்கொடை தருகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் வெள்ளெழுத்தால் யாரும் குருடாவதில்லை. தட்டுத்தடுமாறி வேலையை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதனாலேயே அவர்கள் யார் கணக்கிலும் வருவதில்லை.

நம் தொழிலில் இது எங்கெல்லாம் உதைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சிட்டையில் 1 எது, 7 எது என்று தெரியாது. 3-ஐ 8 என்று எடுத்து மூட்டை ஏற்றிவிட்டால் வண்டிக்கூலி போகவரத் தண்டம். பொட்டலங்களில் எழுத்து பொடியாகத்தான் இருக்கிறது. பளபளக்கும் உறையின் மடிப்பில், மங்கிய மையில் அடித்திருக்கும் காலாவதித் தேதியை ஐம்பது வயதுக்காரர் வெறுங்கண்ணால் எப்படிப் படிப்பார்? தேதி கடந்த உணவுப் பொருளை விற்றால் விற்றவரே பொறுப்பு என்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. "கண் தெரியவில்லை" என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? இப்போது செல்போனில் பணம் வாங்குகிறோம். வாடிக்கையாளர் காட்டும் திரையில் 500-ஆ 50-ஆ என்று பார்க்காமலே தலையாட்டிவிடுகிற கடைக்காரர்கள் நம்மில் பலர் உண்டு.

நம் கிட்டங்கியில் நெடுநாளாகச் சரக்குக் கணக்குப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். தையலைப் பார்த்தே எந்த ஊர்ப் பருப்பு மூட்டை என்று சொல்லிவிடுவார். சீட்டு வந்தால் மட்டும் யாரையாவது படிக்கச் சொல்வார். படிப்புக் குறைவு என்று நினைத்திருந்தோம். ஒருநாள் அவரே சொன்னார்: "கண்ணாடி போட்டா, வயசாயிருச்சு, இனி ஆகமாட்டான்னு நெனச்சிருவீங்களே அண்ணாச்சி." இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதன்று. கூலி ஆட்கள் பலர் கண்ணைப் பற்றி வாய் திறக்காததற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. நமக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதும்தான். ஆகவே முதல் பேச்சை முதலாளிதான் எடுக்க வேண்டும்.

இதில் தர்மக் கணக்கு மட்டுமல்ல, லாபக் கணக்கும் உண்டு. நாம் விற்கும் தேயிலைத் தூளில் பெரும்பங்கு விளையும் அசாமில், தோட்டத் தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் வெளியிட்டார்கள். கிட்டத்துப் பார்வை குறைந்த, 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 பேர். ஒரு பாதிப் பேருக்கு முதலிலேயே கண்ணாடி. மறுபாதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பின்பு. கண்ணாடி போட்டவர்கள் ஒரு நாளில் பறித்த கொழுந்து சுமார் 25 கிலோவிலிருந்து 35 கிலோவை நெருங்கியது. மற்றவர்களுக்கும் 26-இலிருந்து 30 கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. அதைக் கழித்துப் பார்த்தாலும் கண்ணாடியால் வந்த ஆதாயம் ஏறத்தாழ 22 சதவீதம். அதே போல வங்காள தேசத்தில் கைவேலை செய்யும் எளிய மக்கள் 824 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வந்தது. எட்டே மாதத்தில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். நாம் பிடித்து வைக்கும் எந்தச் சரக்கில் இப்படி நிற்கிறது?

கடைத்தெருவில் தொங்கும் தயார்க் கண்ணாடியை வாங்கலாமா என்று கேட்பார்கள். இரு கண்ணும் ஒரே அளவாக இருந்து, தூரத்துப் பார்வையில் குறையில்லாதவருக்கு அது போதும். நாற்பதில் பிளஸ் 1 அளவில் தொடங்கி, அறுபதில் பிளஸ் 2.5 வரை போகும். ஆனால் ஒரு தடவையாவது மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவதே உத்தமம். சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறும், கண் நீர் அழுத்தமும் தொடக்கத்தில் வலியோ மங்கலோ காட்டாமல் உள்ளேயே அரிக்கும். மதுரையில் 1976-இல் 11 படுக்கையுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இன்று சிற்றூர்களிலும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளிலும் கண் பார்க்கிறார்கள். பார்வைக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி.யும் 22-9-2025 முதல் 5 சதவீதம்தான்.

பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு வருவது பெரும்பாலும் கிட்டப்பார்வை. பாடப்புத்தகம் தெரியும், கரும்பலகை தெரியாது. மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரசுப் பள்ளிகளில் சோதித்து இலவசமாகக் கண்ணாடி தருகிறார்கள். கொடுத்ததைப் போடுகிறார்களா என்று பார்ப்பது வீட்டார் வேலை.

நம் கிட்டங்கியில் நாற்பதுக்கு மேற்பட்ட அனைவரையும் அழைத்துப்போய்ச் சோதித்து, கடைச் செலவிலேயே கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். போனஸில் பிடிக்கவில்லை. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருகிறார்கள் என்பதால், தேவைப்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒன்று வாங்கிக் கடையிலேயே வைத்திருக்கிறோம். கல்லாப்பெட்டியின் பக்கத்தில் பிளஸ் 2 கண்ணாடி ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் அதை மாட்டிக்கொண்டு பில்லை ஒரு வரி விடாமல் பார்க்கிறார்கள். தள்ளுபடி எங்கே என்றும் கேட்கிறார்கள்.