வேர்க்கடலை அவித்தல்

உணவுப் பொருள்களுட் சில தீயின் வேகத்தாற் பக்குவமடைவன. சில காலத்தின் நீட்சியாற் பக்குவமடைவன. ஓட்டோடு அவித்த வேர்க்கடலை இரண்டாவது வகையைச் சார்ந்தது. மணிலாக்கொட்டை என்றும், அது மருவி மல்லாக்கொட்டை என்றும் நம்மவர் வழங்கும் இக்கடலையை அறுவடைக் காலத்தில் அவித்துத் தின்னாத வீடு நம் சிற்றூர்களில் அரிது. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலத்தாரும் இதனைத் தமக்கேயுரிய தின்பண்டமாகப் போற்றுகின்றனர் என்பதும், ஸ்லோ குக்கர் எனப்படும் மின்சாரப் பானையில் இரவும் பகலும் வைத்து இதனை அவிக்கின்றனர் என்பதும் நம்முட் பலர் அறியாதவை. அம்முறையையும் அதற்குரிய காரணங்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இச்செடியின் தாயகம் தென் அமெரிக்கா. பூ தரைக்கு மேலே மலரும்; கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணுட் புகும்; அம்மண்ணிருளிலே காய் முற்றும். ஆதலின் வேரிற் காய்ப்பதுபோலத் தோன்றினும், இது துவரை, உளுந்து முதலியவற்றின் குடும்பத்தைச் சார்ந்ததேயாம். பயற்றினம் ஆகையால், வறுத்தற்கேயன்றி அவித்தற்கும் நன்கு இசைவதாயிற்று. போர்ச்சுகீசியர் இதனை ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுசென்றனர். பின்னர், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு இது வட அமெரிக்காவின் தென் பகுதியை அடைந்தது. அங்குள்ளார் கடலையைக் 'கூபர்' என்று கூறுவதுண்டு. அச்சொல் 'ங்குபா' என்னும் ஆப்பிரிக்கச் சொல்லின் திரிபு. அங்ஙனம் வந்த உணவையே தென் கரோலினா மாநிலம் 2006ஆம் ஆண்டில் தன் அரசாங்கச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்து, மாநிலச் சிற்றுண்டி என்று சட்டத்தால் ஏற்றுக்கொண்டது. உரிமையிழந்தோர் கொண்டுவந்த ஒரு பொருள், காலம் மாறியபின் அந்நாட்டார் அனைவருக்கும் பெருமை தருவதாயிற்று.

இனி, அவித்தலின் தன்மையை ஆராய்வோம். மண்ணிலிருந்து அன்று பிடுங்கிய பச்சைக் கடலையில் நீர் மிகுதியாக இருக்கும். அது விரைவில் வேகும். கடையில் மூட்டைகளில் வரும் காய்ந்த கடலையிலோ பத்தில் ஒரு பங்கு நீரும் இராது. வேகவேண்டுமாயின், வெளியிலுள்ள நீர் ஓட்டைக் கடந்து, செந்தொலியைக் கடந்து, ஏறக்குறைய பாதி எண்ணெயாகிய பருப்பினுள்ளே ஊடுருவவேண்டும். இது மெல்ல நிகழ்வது. 'நெருப்பை மிகுத்தால் விரைவில் வேகாதோ?' எனின், வேகாது. திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. தீயை எவ்வளவு மிகுத்தாலும் நீர் ஆவியாகி ஒழியுமேயன்றி, பருப்பு முன்னினும் விரைந்து மென்மையடையாது. பிரஷர் குக்கர் ஆவியை அடக்கி வெப்பத்தை 120 பாகையளவிற்கு உயர்த்துவதால் வேலையை விரைவில் முடிக்கின்றது. அஃதில்லாதபோது துணையாவது காலம் ஒன்றே.

அக்காலத்தைச் சிக்கனமாகக் கொடுப்பதே ஸ்லோ குக்கரின் தொழில். வெப்பந்தரும் மின்கம்பிகள் பொருந்திய உறையும், அதனுள் அமரும் கனத்த மட்பானையும், அதன்மேல் ஒரு மூடியுமே அதன் உறுப்புகள். இர்விங் நாக்ஸன் என்னும் அமெரிக்கர் இத்தகைய கருவிக்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதர்கள் ஓய்வுநாளுக்கு முந்திய மாலையில் குழம்புப் பானையை ரொட்டிக்காரரின் அடுப்பில் இட்டு, தணியும் வெப்பத்தில் இரவு முழுதும் வேகவைப்பர் என்று தம் தாயார் கூறக் கேட்டதே அவருக்கு வழிகாட்டிற்று. 1971இல் கிராக்-பாட் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தபின் அது வீடுதோறும் பரவிற்று.

செய்முறை வருமாறு. வறுக்காத, ஓடு நீக்காத காய்ந்த கடலை அரைக் கிலோ எடுத்து, மண் போகும்வரை பன்முறை அலசி, இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிடுக. கடலையைப் பானையிலிட்டு, சூடான நீர் இரண்டு லிட்டரும், உப்பு அறுபது கிராமும் சேர்க்க. கடலை மிதக்குமாதலால் அதன்மேல் ஒரு சிறு தட்டை வைத்து அமிழ்த்துக. பின் மூடி, கருவியை மிகுவெப்ப நிலையில் வைக்க. ஊறிய காய்ந்த கடலைக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரமும், பச்சைக் கடலைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரமும் வேண்டும். மூடியை அடிக்கடி திறத்தலாகாது. திறக்குந்தோறும் வெப்பம் குறையும். நீர் குறையின் வெந்நீரே வார்க்க. பருப்பு அவித்த பயறுபோலக் குழைவதே பதம்.

வெந்தவுடன் வடித்துவிடுவோர் பெரும்பயனை இழப்பர். வெப்பத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் உப்புநீரிலேயே விட்டால், ஓட்டினுள் இருந்த ஆவி குளிர்ந்து சுருங்க, அவ்விடத்தை உப்புநீர் நிரப்பும். மிதந்த கடலை அடியில் அமரும். உப்புச் சுவை உள்ளேறுவது பெரும்பாலும் அப்பொழுதே. உரிக்கும்போது ஓட்டினுள்ளிருந்து வாயிற் சொட்டும் அவ்வுப்புநீரைத் தென் மாநிலத்தார் பெரிதும் விரும்புவர்.

இங்ஙனம் கருவி நெருப்பைக் காத்தாலும், இரண்டு காரியங்களை நாமே காத்தல்வேண்டும். முதலாவது, தேர்வு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந்தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றின் தீவனத்திற் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் விளைத்த நஞ்சு இருந்ததாகத் தெரிந்தது. அதற்கு அஃப்லாடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைக் கெடுப்பது. கொதிக்கும் நீரின் வெப்பத்தால் முற்றும் அழியாதது. ஆகவே ஓடு கறுத்தவை, சுருங்கியவை, பூஞ்சணம் படர்ந்தவை, நாட்பட்ட நாற்றமுடையவை ஆகியவற்றை அவிக்குமுன்னரே எறிந்துவிடவேண்டும். 'நன்றாக வேகட்டும், தீமை போய்விடும்' என்று கருதுதல் பெரும்பிழை. உண்ணும்போது கசப்புத் தட்டினால் உடனே துப்பிவிடுதல் நன்று.

இரண்டாவது, பாதுகாப்பு. வறுத்த கடலை பல நாள் நிற்கும். அவித்ததோ ஈரமுடைமையால் விரைவிற் கெடும். வெதுவெதுப்பான நிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது. குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளைக்குள் உண்டுவிடுக. கடலை ஒவ்வாமை உடையவர்க்கு அவித்ததும் ஆபத்தே. குருதியழுத்தம் உடையோர் உப்பைக் குறைத்தல் வேண்டும்.

அவித்த கடலை நூறு கிராமில் ஏறக்குறைய பதின்மூன்று கிராம் புரதம் உண்டு. சிறு விலையில் இத்துணைச் சத்தைத் தரும் தின்பண்டங்கள் சிலவே. இதற்கு வேண்டுவன பொருட்செலவன்று. நல்ல கடலையைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும், பதம் வரும்வரை பொறுக்கும் மனமுமே. காத்திருக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்புவிக்கலாம். தேர்ந்தெடுக்கும் வேலையை ஒப்புவித்தல் இயலாது.