கையருகே கல்விக்கூடம்



கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று உங்கள் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அருகில் இருப்பதை அறியாமல் தொலைவில் தேடுவோரைக் குறிக்கும் பழமொழி இது. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்குக் கல்வியிலும் இது பொருந்தும்.

சென்ற ஆண்டு ஒருநாள், தமிழ் வகுப்பு முடிந்த பின்னும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி செல்லாமல் நின்றாள். அவள் தந்தை டெல்லியில் வாடகைக் கார் ஓட்டுநர். தாய் வீட்டு வேலை செய்பவர். அவர்களுடைய சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர். "ஐயா, தேர்வு முடிந்ததும் என்னை ஊரில் பாட்டியிடம் அனுப்பப் போகிறார்களாம். இங்கே மேற்கொண்டு படிக்க நம்மவர்களுக்கு வழியில்லை என்கிறார் அப்பா. அது உண்மையா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. நானும் பணிமாற்றத்தால் இவ்வூருக்கு வந்தவன்தான். அடுத்து வந்த சனிக்கிழமை, அவளும் அவள் தந்தையும் நானும் பள்ளியின் கணினி அறையில் அமர்ந்து தேடினோம். அன்று நாங்கள் அறிந்துகொண்டவற்றையும், பின்னர் நான் கேட்டுத் தெளிந்தவற்றையும் இப்பாடம் கூறுகிறது.

மூன்று வாயில்கள்

பள்ளிப் படிப்புக்குப் பின் மூன்று வாயில்கள் திறந்திருக்கின்றன.

முதலாவது, ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையம். 1950இல் மைய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இந்நிலையங்கள் நாடெங்கும் நடைபெறுகின்றன. பதினான்கு வயது நிறைந்தவர் சேரலாம். மின்பணியாளர், பொருத்துநர் ஆகிய பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பயிற்சிக் காலம் இரண்டாண்டு. வெல்டிங் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். பயிற்சிக் காலம் ஓராண்டு. டெல்லியில் பூசா, நிஜாமுதீனை அடுத்த அரப்-கி-சராய் முதலிய இடங்களில் அரசு நிலையங்கள் உள்ளன. சிரி ஃபோர்ட்டில் மகளிருக்கெனத் தனி நிலையம் உண்டு. தீர்ப்பூரில் உள்ள நிலையம், திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிவியல் அறிஞர் சர் சி. வி. இராமனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது, பட்டயப் படிப்பைத் தரும் பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுக் கல்வி இது. டெல்லி அரசு 2020இல் திறன் மற்றும் தொழில்முனைவுப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. முன்பு பாலிடெக்னிக்குகளாக இருந்தவற்றுள் பல இப்பொழுது அதன் வளாகங்களாக விளங்குகின்றன.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வரும் பட்டப்படிப்பு. 1922இல் தோன்றிய டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பிற மையப் பல்கலைக்கழகங்களிலும் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர, 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு நடத்தப்படுகிறது. பதின்மூன்று மொழிகளில் நடைபெறும் அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

இவை தனித்தனி வாயில்கள் என்றாலும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. தொழிற்பயிற்சி முடித்தவர், உரிய தகுதி இருப்பின், பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் படிப்பு அத்துடன் முடிந்துவிடும் என்று எண்ணுதல் தவறு.

ஊதியமும் கல்வியும்

குடும்பச் சூழலால் உடனே பொருளீட்ட வேண்டியவர்களுக்கும் வழிகள் உள்ளன.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவற்றுள் ஒன்று. இச்சட்டப்படி தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் இளைஞரைப் பழகுநராக ஏற்று, மாத உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பிக்கின்றன. ரயில்வே பணிமனைகளில் பழகுநராகப் பயின்றோர் நம் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. பதினான்கு வயது நிறைந்தவர் பழகுநர் ஆகலாம். இடர் மிகுந்த தொழில்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற விரும்புவோருக்கு, டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளியாக வளர்ந்துள்ளது. 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகையதே. டெல்லியில் குடியிருக்கும் பெண்களுக்காக, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்வி வாரியம் வார இறுதி நாள்களில் வகுப்புகள் நடத்துகிறது. வாரம் முழுவதும் வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணும் இவ்வழியில் பட்டதாரி ஆகலாம்.

பெயர்ப்பலகை மட்டும் போதாது

என் முன்னாள் மாணவர் ஒருவர் சந்தைத் தெருவில் கடைகளுக்கு மேல்மாடியில் இயங்கிய ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். "பட்டயச் சான்றிதழ், வேலை உறுதி" என்று அதன் பெயர்ப்பலகை கூறியது. அவர் தாய் வளையலை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார். ஓராண்டுக்குப் பின் கிடைத்த சான்றிதழை எந்த நிறுவனமும் ஏற்கவில்லை. அக்கூடத்துக்கு எவருடைய அங்கீகாரமும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பணம் போனதைவிட, இழந்த ஓராண்டுக்காகவே அவர் பெரிதும் வருந்தினார்.

இத்துன்பம் உங்களுக்கு நேராதிருக்க, எந்த நிறுவனத்தைக் கண்டாலும் முதலில் "உங்களுக்கு அங்கீகாரம் அளித்தவர் யார்?" என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி நிலையமாயின், மைய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககப் பட்டியலில் அதன் பெயர் இருத்தல் வேண்டும். தொழில்நுட்பப் பட்டயமாயின், அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பட்டமாயின், சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமே அதனை வழங்க இயலும். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. தலைநகராகிய டெல்லியின் முகவரிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. இப்பட்டியல்களை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். நிறுவனத்தார் காட்டும் தாளை நம்பாமல், அங்கீகாரம் அளிக்கும் அமைப்பின் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள்.

நாம் எவ்வூரார்?

அம்மாணவியின் தந்தையை வாட்டிய ஐயம் இதுதான். "நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். இங்கே எங்களுக்கு இடம் தருவார்களா, சார்?" என்று கேட்டார்.

விதிகள் எங்கும் ஒன்றாக இல்லை. சில மாநிலங்கள் அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தீர்கள் என்று பார்க்கின்றன. சில நிறுவனங்கள் எந்த ஊர்ப் பள்ளியில் தேர்ச்சி பெற்றீர்கள் என்று பார்க்கின்றன. டெல்லியின் குரு கோபிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பல படிப்புகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து இடங்கள் டெல்லிப் பகுதியினருக்கு உரியவை. டெல்லியில் உள்ள பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரே அப்பகுதியினர். அவர் பிறந்த ஊரோ தாய்மொழியோ அங்கே கணக்கில் இல்லை. எனவே, பத்தாம் வகுப்புடன் ஊருக்குச் சென்று, பன்னிரண்டாம் வகுப்பை அங்கே முடிக்கும் மாணவர் இவ்வாய்ப்பை இழக்க நேரிடும்.

இங்கே படித்தால் தமிழ்நாட்டின் கதவு மூடிவிடுமோ என்றும் அஞ்ச வேண்டா. தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டோர் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், பிறப்பிடச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் பங்கு பெறலாம். அச்சான்றிதழை ஊருக்குச் செல்லும் விடுமுறையிலேயே விண்ணப்பித்துப் பெற்று வைத்தல் நன்று.

இட ஒதுக்கீட்டில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. சாதிப் பட்டியல் மாநிலந்தோறும் வேறுபடும். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அம்மாநிலத்தின் ஒதுக்கீட்டை உரிமையாகக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆயினும் மைய அரசின் கல்வி நிறுவனங்களில், சொந்த மாநிலப் பட்டியலின்படி பெற்ற சான்றிதழ், அவர்கள் கேட்கும் படிவத்தில் இருப்பின், ஏற்கப்படும். தந்தையார் தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழே பிள்ளைகளின் சான்றிதழுக்கு அடிப்படை. ஆதலின் அதனைப் பத்திரமாகப் பாதுகாக்குமாறு வீட்டில் சொல்லுங்கள்.

தேடும் முறை

முதலில், எந்த வேலையில் உங்கள் மனம் செல்கிறது என்பதை எழுதுங்கள். அதன்பின் அவ்வேலைக்கு எவ்வாயில் பொருந்தும் என்று பாருங்கள். அடுத்து, வீட்டிலிருந்து பேருந்திலோ மெட்ரோவிலோ ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய நிலையங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் அங்கீகாரம், கட்டணம், விண்ணப்பிக்கும் கடைசி நாள், கேட்கப்படும் சான்றிதழ்கள் ஆகியவற்றை அவ்வாண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்துக் குறியுங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். சென்ற ஆண்டு படித்தவர் சொல்வதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

இறுதியாக, பெற்றோருடன் நேரில் செல்லுங்கள். பட்டறையில் இயந்திரங்கள் இயங்குகின்றனவா, மாணவர்கள் கையால் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். அங்கே பயில்வோரிடம் பேசுங்கள். தமிழும் இந்தியும் அறிந்த நீங்கள், பெற்றோருக்கு அவ்வலுவலகத்தின் மொழியை எடுத்துச் சொல்லவும் வல்லவர்கள்.

அம்மாணவியும் அவ்வாறே தந்தையுடன் இரண்டு நிலையங்களுக்குச் சென்று வந்தாள். ஒன்றில் அவள் தந்தை, "மாலையில் எத்தனை மணிக்கு வகுப்பு முடியும்? பேருந்து எங்கே நிற்கும்?" என்று இந்தியில் கேட்டாராம். அக்கேள்வியைக் கேட்டதுமே, தன்னை ஊருக்கு அனுப்பும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்பொழுது அவள் நம் பள்ளியில் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். பாட்டியைக் கோடை விடுமுறையில் சென்று பார்த்து வருகிறாள். சென்ற முறை திரும்பி வரும்போது, வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற பிறப்பிடச் சான்றிதழையும் கையோடு கொண்டுவந்தாள்.

சொற்பொருள்

அங்கீகாரம் – உரிய அமைப்பு அளிக்கும் ஏற்பு
பட்டயம் – பட்டத்துக்கு முந்தைய தொழில்நுட்பக் கல்வித் தகுதி
பொருத்துநர் – இயந்திர உறுப்புகளைப் பொருத்தும் தொழிலாளர்
தொழிற்பழகுநர் – பணியிடத்திலேயே தொழில் கற்பவர்
பூர்விகம் – முன்னோர் வாழ்ந்த இடம்
கலந்தாய்வு – தகுதி வரிசைப்படி மாணவர்க்கு இடம் ஒதுக்கும் முறை

பயிற்சி

1. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் படிப்பு அத்துடன் முடிந்துவிடும் என்பது ஏன் தவறு?
2. முன்னாள் மாணவர் ஏமாந்தது எதனால்? அவர் முன்னரே என்ன செய்திருக்கலாம்?
3. பத்தாம் வகுப்புடன் ஊருக்குச் செல்பவர் இழக்கக்கூடிய வாய்ப்பு ஒன்றைக் கூறுக.
4. பிரித்து எழுதுக: கல்விக்கூடம், அம்மாநிலம், இவ்வூர்.
5. செயல்பாடு: உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள மூன்று கல்விக்கூடங்களைக் கண்டறிந்து, அவற்றின் அங்கீகாரம், கட்டணம், தேவையான சான்றிதழ்கள் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. அதனை வீட்டில் பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டி, அவர்தம் கருத்தையும் எழுதி வருக.