வயசாயிடுச்சு என்று விட்டுவிடலாமா?

பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களின் வரிசை ஆண்டுக்காண்டு நீளுகிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், பயான் கேட்கவில்லை என்று முன்னால் நகர்ந்து உட்காருபவர். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

சட்டம் அப்படி விடவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கேள்விக் குறைவும் பார்க்கின்சன் நோயும் அதில் உண்டு. எந்த வயதில் வந்தது என்று அது கேட்பதில்லை. பாதிப்பு 40 விழுக்காடு என்று அரசு மருத்துவர் சான்றளித்தால், 75 வயதுக்காரரும் மாற்றுத்திறனாளிதான்.

சிக்கல் ஓய்வூதியத்தில். மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 40 போதாது, 80 விழுக்காடு வேண்டும்; வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மத்திய அரசு தருவது மாதம் 300 ரூபாய். இதோடு மாநில அரசு தன் பங்கைச் சேர்ப்பதால்தான் கையில் ஏதோ நிற்கிறது. 80 வயதானதும் அவரை முதியோர் திட்டத்துக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே 500 ரூபாய். முடியாமை கூடுகிற வயதில் ஏட்டிலிருந்து ஊனம் மறைந்துவிடுகிறது!

2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், ஏழை முதியவர்களுக்குக் காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவை இலவசம். இதற்கான முகாம்களுக்கு ஆண்கள் எப்படியாவது போய்விடுவார்கள். வீட்டிலேயே தொழும் நம் உம்மாமார்கள் அந்த நாற்காலி வரிசையிலும் தெரிவதில்லை, முகாமிலும் தெரிவதில்லை. முகாம் அன்று ஜமாஅத் ஒரு வண்டி ஏற்பாடு செய்தால் அவர்களும் போய்வருவார்கள். ஆதாரும் பழைய மருத்துவச் சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.