முறை வைத்து ஓடும் கருவி

செல் சார்ட்டர் என்னும் கருவியின் உயிர் ஒரு சின்னத் துளையில் இருக்கிறது. வழக்கமான அகலம் 70 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். ஒளிரும் சாயம் ஏற்றிய செல்கள் ஒற்றை வரிசையாக ஓடும்போது அவற்றின் மேல் லேசர் படுகிறது. எந்தச் செல் எந்த நிறத்தில் மினுங்கியது என்று கருவி குறித்துக்கொள்ளும். துளையிலிருந்து விழும் நீர்க்கீற்று அதிர்வால் நொடிக்குச் சுமார் 90,000 துளிகளாக உடையும். வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து, பக்கவாட்டில் இழுத்து, தனிக் குழாயில் விழவைக்கும்.

மின்னூட்டிய துளியை வளைக்கும் உத்தி, மை தெளித்து எழுதும் கருவிக்காக ரிச்சர்ட் ஸ்வீட் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. லாஸ் அலமாஸில் மேக் ஃபுல்வைலர் 1965இல் அதைக் கொண்டு செல்களைப் பருமன் பார்த்துப் பிரித்தார். ஒளிர்வைப் பார்த்துப் பிரிக்கும்படி வளர்த்தவர் ஸ்டான்ஃபோர்டின் லெனார்ட் ஹெர்சன்பெர்க்.

விலை கோடிக்கணக்கில். ஒரு பேராசிரியர் தனக்கென்று வாங்கினால் வாரத்தில் பாதி நாள் தூங்கும். அதனால் பொது ஆய்வகத்தில் வைத்து, ஆற்றுப்பாசனம் போல முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பம். காலையில் ஒருவர் சுண்டெலியின் மண்ணீரலைக் கொண்டுவருவார், மதியம் இன்னொருவர் ஈஸ்ட். முன்னவர் கழுவாமல் போனால் அவருடைய செல்கள் பின்னவரின் குழாயில் போய் விழும். வாடகைப் பாத்திரக் கடைக்காரர் அண்டாவைத் திருப்பி வாங்கும்போது உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பாரே, அந்தக் கறார் இங்கும் வேண்டும். முறை முடிந்ததும் ப்ளீச் கரைசல், பிறகு சுத்தமான நீர். இதற்கான பத்து நிமிடத்தை முன்பதிவு நேரத்துக்குள்ளேயே சேர்த்துவிடுவது நல்ல ஆய்வகத்தின் வழக்கம். சேர்க்காவிட்டால் யாரும் கழுவமாட்டார்கள்.

தினமும் முதல் வேலை, பிரகாசம் தெரிந்த நுண்மணிகளை ஓட்டிப் பார்ப்பது. நேற்றைய பிரகாசமே இன்றும் வரவேண்டும். அதற்கு உணர்விக்கு எத்தனை வோல்ட் தேவைப்பட்டது என்பதை வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் 1950இல் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்குக் கொண்டுவந்த முறை இது. புள்ளிகள் வாரக்கணக்கில் மெல்ல மேலேறினால் லேசர் மங்குகிறது, அல்லது எங்கோ அழுக்கு. கருவி படுத்த பிறகு இன்ஜினியரைக் கூப்பிடுவதைவிட இந்தப் புள்ளிகள் மிக மலிவு.

கட்டணம் இன்னொரு தலைவலி. இலவசமென்றால் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வராமலே இருந்துவிடுவார்கள். மணிக்கணக்கில் வசூலித்தாலோ, ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் கைவைப்பது ஒப்பீட்டு மாதிரிகளில்தான். சாயமே ஏற்றாத ஒரு குழாய், ஒவ்வொரு சாயமும் தனித்தனியாக ஏற்றிய குழாய்கள் என்று எல்லாவற்றையும் ஓட்ட அரை மணி நேரம் கூடுதலாகும். அவை இல்லாத முடிவை நம்பமுடியாது. என்னைக் கேட்டால் அந்த அரை மணிக்குக் காசு வாங்கவே கூடாது. கடைசி நேரத்தில் ரத்து செய்பவரிடம் இரட்டிப்பாக வாங்கலாம்.

இந்தியாவில் பொதுக் கருவி மையங்களை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் வந்த ஐ-ஸ்டெம் இணையதளத்தில், எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடி முன்பதிவும் செய்யலாம்.

கருவியைப் பார்த்துக்கொள்பவர் எப்படிப்பட்டவர் என்பது நேரில் போனால்தான் தெரியும். இறந்த செல்கள் உடைந்தால் டி.என்.ஏ. கசிந்து பசைபோல் மற்ற செல்களைச் சேர்த்துக் கட்டிவிடும். அந்த ஒரு திரி போதும், துளை அடைத்து அன்றைய முறைகள் மொத்தமும் போக. அதனால் விவரமான ஆபரேட்டர் வாசலிலேயே குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நூல்போல் ஏதாவது மிதந்தால் குழாய் திரும்பக் கைக்கே வரும்.

“40 மைக்ரான் வலையில வடிகட்டிட்டு வாங்க தம்பி. அதுவரைக்கும் அடுத்தவங்க ஓட்டட்டும்.”