"எதுவும் இல்லை" என்று சொன்ன டூல்

போன செமஸ்டர்ல ஒரு ஜூனியர் வந்து கேட்டான்: "அண்ணா, திருச்சியில இந்த வாரம் ஹேக்கத்தான் எதுவும் இல்லைன்னு உங்க பாட் சொல்லுச்சு. ஆனா என் ஸ்கூல் ஃபிரெண்டு அங்க ஒண்ணுல கலந்துகிட்டு வந்திருக்கான்!"

பாட் என்று அவன் சொன்னது எங்கள் ப்ராஜெக்ட். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் சிம்போசியம், ஹேக்கத்தான், ஒர்க்‌ஷாப் விவரங்களை ஒரு டேட்டாபேஸில் சேர்த்து, ஏஐ ஏஜென்ட் அதில் தேடுவதற்கு ஒரு டூல் எழுதியிருந்தோம். லாக் எடுத்துப் பார்த்தேன். ஏஜென்ட் 'திருச்சி' என்று அனுப்பியிருக்கிறது. டேட்டாபேஸில் இருந்ததோ 'திருச்சிராப்பள்ளி'. பொருந்தாததால் காலி லிஸ்ட் வந்தது. அதைப் பார்த்த ஏஜென்ட், "எதுவும் இல்லை" என்று தைரியமாகச் சொல்லிவிட்டது.

ஏஜென்ட்டுக்கு உங்க கோட் தெரியாது

சாட்ஜிபிடி, கிளாட் மாதிரி மாடல்களிடம் ஒரு டூலைக் கொடுக்கும்போது, அதன் உள்ளே இருக்கும் கோட் அவற்றுக்குப் போவதில்லை. போவது மூன்றே விஷயம்: டூலின் பெயர், அதைப் பற்றிய விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற பட்டியல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் அடிப்படை இதுதான். மாடல் இதைப் படித்து, எந்த டூலை எந்த உள்ளீட்டோடு அழைப்பது என்று முடிவு செய்யும். நம் புரோகிராம் அதை ஓட்டி விடையைத் திருப்பித் தரும்.

நம்ம டாக்குமென்டேஷனை ஒரு ஆள் படித்தால், சந்தேகம் வரும் இடத்தில் நம்மைக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. நாம் எழுதாமல் விட்டதைத் தானே ஊகித்துக்கொண்டு போய்விடும். நாங்கள் எழுதியிருந்த விளக்கம் மொத்தமே ஒரு வரி: "நிகழ்ச்சிகளைத் தேடித் தரும்."

அப்போ என்னதான் எழுதணும்?

முதலில் ஊர்ப் பெயர். கோவை, கோயம்புத்தூர் என்று நம்ம ஊர்களுக்கு ரெண்டு மூன்று பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் குழப்பம். 2020ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய தமிழக அரசே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது! நாங்கள் 38 மாவட்டங்களின் பெயரையும் நிலையான பட்டியலாகவே கொடுத்துவிட்டோம். ஜேசன் ஸ்கீமாவில் இதற்கு வசதி இருக்கு. பட்டப்பெயர்களைக் கோடிலும் சேர்த்தோம். விளக்கத்தை மாடல் எப்போதும் அப்படியே பின்பற்றும் என்று உத்தரவாதம் இல்லை, அதனால் கோடில் தடுக்க முடிந்ததைக் கோடிலேயே தடுத்துவிடுங்க.

அடுத்து தேதி. 05/03/2026 என்றால் நமக்கு மார்ச் 5, அமெரிக்கர்களுக்கு மே 3. ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2026-03-05 என்று கேளுங்க. நேர மண்டலத்தையும் சொல்லுங்க. நம்ம நேரப்படி 14ஆம் தேதி நள்ளிரவு 12 மணிக்கு ஆரம்பிக்கும் ஹேக்கத்தான், யூடிசி கணக்கில் 13ஆம் தேதி மாலை 6.30. "இந்த வாரக் கடைசி" என்று யாராவது கேட்டால், இன்று என்ன தேதி என்பதே மாடலுக்குத் தானாகத் தெரியாது. அதையும் டூலின் விடையோடு சேர்த்து அனுப்பலாம்.

மூன்றாவது, விடையில் வரும் விவரங்கள். வெறும் 'தேதி' என்று இருந்தால் அது நிகழ்ச்சி நடக்கும் நாளா, ரெஜிஸ்ட்ரேஷன் முடியும் நாளா? ரெண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைங்க. நிகழ்ச்சி ரத்தா, தள்ளிவைப்பா என்பதற்கும் ஒரு இடம் வேணும். ஸ்கீமா.ஆர்க் தளத்தின் நிகழ்ச்சி வரையறையில் இந்த நிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எங்களைக் கவிழ்த்த காலி லிஸ்ட். சர்வர் பிழையும் காலி லிஸ்டும் ஒரே மாதிரி தெரியக் கூடாது. காலி என்றால் என்ன அர்த்தம் என்பதையும் எழுதிவிடணும். இப்போது எங்கள் விளக்கம் இப்படி இருக்கிறது:

"தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் சிம்போசியம், ஹேக்கத்தான், ஒர்க்‌ஷாப்களை மாவட்டம், தேதி வைத்துத் தேடும். சினிமா, கச்சேரிக்குப் பயன்படுத்த வேண்டாம். கல்லூரிகள் எங்களுக்கு அனுப்பியவை மட்டுமே இதில் உண்டு. விடை காலியாக வந்தால் 'எங்கள் பட்டியலில் இல்லை' என்று சொல்லவும். நிகழ்ச்சியே இல்லை என்று சொல்ல வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷன் இதில் செய்ய முடியாது."

இதற்கு மேல் நீட்டவில்லை. ஒவ்வொரு உரையாடலிலும் இது மாடலுக்குப் போகிறது, நீளமானால் செலவும் ஏறும்.

எழுதியது போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. வேற டிபார்ட்மென்ட் ஃபிரெண்டு ஒருத்தரிடம் கோடைக் காட்டாமல் இந்த விளக்கத்தை மட்டும் கொடுங்க. பத்துக் கேள்வி சொல்லி, டூலுக்கு என்ன உள்ளீடு அனுப்பணும் என்று எழுதச் சொல்லுங்க. எங்கே "இது என்ன மச்சான்?" என்று கேட்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. எங்கள் மெக்கானிக்கல் நண்பன் ஆறு இடத்தில் கேட்டான்.

அந்த ஜூனியரின் டீம் ஐடியா, ஸ்லைடு எல்லாம் ரெடி பண்ணி, ஒரு ஹேக்கத்தானுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. நாலு வரி எழுத சோம்பல்பட்டது நாங்க. வாய்ப்பு போனது அவங்களுக்கு.