மாதாமாதம் வரும் தீபாவளி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பிரிக்பீல்ட்ஸிலும் அதே கதை. சேலைக்கும் பலகாரத்துக்கும் முண்டியடிக்கும் அந்தக் கூட்டத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது, கடைத்தெருப் பக்கமே வராமல் "அம்மா, இந்தத் தீபாவளிக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்று போன் போடும் பிள்ளைகளுக்குத்தான்.

சர்ப்ரைஸ் என்றால் பாதி வீடுகளில் தண்ணீர் மெஷின். 1998-இல் தென்கொரியப் பொருளாதாரம் படுத்துக்கிடந்தபோது, விற்காத வடிகட்டிகளை மாத வாடகைக்கு விட்டது கோவே நிறுவனம். 2006-இல் மலேசியாவுக்கும் வந்தது. மொத்தமாகப் பணம் போட வேண்டாம், ஆள் வந்து ஃபில்டர் மாற்றுவார்; ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். கோளாறு நம் பிள்ளைகளிடம். முதல் மாதத்தை மகன் கட்டுவான். ஒப்பந்தத்தில் கையெழுத்து அப்பாவுடையது. வாங்கிக் கொடுத்த பெருமை மகனுக்கு, வருடக்கணக்கில் கட்டும் பாக்கியம் அப்பாவுக்கு. 1996-இல் அஸ்ட்ரோ வந்தபோதே நமக்குப் பழகிய கலை இது. டிஷ்ஷை மாப்பிள்ளை மாட்டிவிட்டுப் போவார், சந்தாவை மாமனார் பார்த்துக்கொள்வார்.

ஏர்கோன் இன்னும் மோசம். ஒரு குதிரைத்திறன் பெட்டி சுமார் 700 வாட் இழுக்கும். இரவில் 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் மாதம் 160 யூனிட்டைத் தாண்டும். பாட்டி என்ன செய்வார்? விருந்தாளி வந்தால் போடுவார். அவர்கள் வாசல் தாண்டியதும் ரிமோட் தலையணைக்கு அடியில். (பாட்டிதான் அந்த வீட்டின் நிதியமைச்சர்.)

நாய்க்குட்டி தனி ரகம். தீனி, தடுப்பூசி, மாநகர் மன்றத்தில் ஆண்டுதோறும் லைசன்ஸ். தீபாவளியன்று வந்து சேர்ந்தால் பட்டாசுச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். கொடுத்த சித்தப்பாவும் அதன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

சீனர்களைப் பார்த்து நாம் பிடித்துக்கொண்ட அங்பாவ் வழக்கம் இந்த விஷயத்தில் தங்கம். உள்ளே 5 வெள்ளிதான் இருக்கட்டுமே, அடுத்த மாதம் அதற்கு பில் வராது.

மாதக் கட்டணம் உள்ள பொருளைத்தான் கொடுப்பேன் என்கிறவர்கள் பில்லையும் தங்கள் பெயரிலேயே பதிந்துவிடுங்கள். முடியாதென்றால் ஒரு டின் முறுக்கோடு வாருங்கள், போதும்.