கூரை இழந்த டேடோனாக்கள்

1967-ல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி அள்ளிச் சென்றது. மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு வந்த 365 ஜிடிபி/4 காருக்கு அந்தப் பந்தயத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. நீண்ட பானட்டுக்குள் 4.4 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் பறக்கும். பினின்ஃபரினாவில் லியோனார்டோ ஃபியோராவந்தி வரைந்த அதன் கூரை, முன்கண்ணாடியின் உச்சியில் தொடங்கி டிக்கி வரை ஒரே இழுப்பில் சரிந்து இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கோடு அது.

அந்தக் கூரையைத்தான் அறுத்தார்கள்.

1969-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெராரியே கூரை திறக்கும் ஸ்பைடரைக் காட்டியது. கூரை மூடிய கூப்பே ஏறக்குறைய 1,280 வந்தன. ஸ்பைடரோ 120 சொச்சம்தான். கேட்பவர் பலர், கார் சில என்றானதும் ஸ்பைடரின் விலை எங்கோ போய்விட்டது. கூப்பேயை வாங்கி அறுக்கக் கொடுப்பது லாபமாகத் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஸ்ட்ராமனின் பட்டறை இந்த வேலைக்குப் பேர்போனது.

கூரையை எடுத்தால் கார் லேசாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சி இருக்கும் உள்தட்டை மட்டும் உருவி இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், துணிபோலத் திருகும். மேலுறைக்குள் செருகி முறுக்கினால் அசையாது. காருக்கு அந்த மேலுறை கூரை. அது போனால் ஈடுகட்ட, கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தைத் தடிப்பாக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் குறுக்குக் கட்டை வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தை வலுவாக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால் எடை பெரும்பாலும் கூடவே செய்யும். டேடோனாவுக்குக் குழாய்ச் சட்டத்தாலான சேஸ் அடியில் இருப்பதால் ஓரளவு தாங்கும். உடலே சேஸாக அமைந்த கார்களில் பாடு இன்னும் அதிகம்.

தேர்ந்த டிங்கரிங்காரர் ரம்பத்தை எடுக்கும் முன் கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு வைப்பார். வைக்காமல் அறுத்தால், கடைசித் தூண் அறுபடும்போது காரின் நடுவயிறு மெல்லத் தொய்யும். சில மில்லிமீட்டர் போதும்: கதவின் பின்விளிம்பில் மேல் இடுக்கு குறுகும், கீழ் இடுக்கு அகலும். அதற்குப் பிறகு கதவைச் சாத்தவே மல்லுக்கட்ட வேண்டும். மேடுபள்ளத்தில் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும். மழையில் ஜன்னல் கண்ணாடியும் துணிக்கூரையும் சேரும் இடத்தில் ஒழுகும். கூரை திறந்த பழைய கார் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு அந்தக் கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால், கைதேர்ந்தவர் செய்த வேலை.

அப்படிச் செய்த நேர்த்தியான கார்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் இனி ஒரு டேடோனாகூட ரம்பத்துக்குப் போகக் கூடாது. எந்தெந்த சேஸ் எண்கள் ஸ்பைடராகவே பிறந்தவை என்பது பதிவில் இருக்கிறது. அறுத்த காருக்கு அசல் ஸ்பைடரின் விலை கிடைப்பதில்லை. அன்று அறுத்த கார்கள் சிலவற்றுக்கு, பெரும் செலவில் மறுபடி இரும்புக் கூரை ஏற்றியிருக்கிறார்கள்.